சந்திரன் தூரம் பறந்த சின்னப் பறவை!

மைனா அளவுள்ள ஒரு பறவை. எடை 5 அவுன்சு கூட இல்லை. அது தன் வாழ்நாளில் பறந்த தூரம், பூமியிலிருந்து சந்திரனுக்கு உள்ள தூரத்தைவிட அதிகம் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். அதன் காலில் சாட்சி இருந்தது!

தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில் தியரா தெல் பியூகோ என்று ஒரு தீவு உண்டு. 1995 பிப்ரவரியில், அர்ஜென்டினாவுக்குச் சொந்தமான அதன் கடற்கரையில் விஞ்ஞானிகள் வலை வீசிப் பறவைகளைப் பிடித்தார்கள். காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அவற்றில் ஒன்றுதான் இந்தப் பறவை. உள்ளான் இனத்தைச் சேர்ந்தது. கோடையில் மார்பு செங்கல் நிறமாகும்.

பிறகு அதன் காலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் கொடியும் ஏறியது. கொடியில் எழுதியிருந்தது: பி 95. அதுவே அதன் பெயராகிவிட்டது.

கொடிக்கு ஒரு நிறம்

அமெரிக்கக் கண்டத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். அர்ஜென்டினாவுக்கு ஆரஞ்சு. சிலிக்குச் சிவப்பு. பிரேசிலுக்கு நீலம். கனடாவுக்கு வெள்ளை. தொலைநோக்கியில் பார்த்தவுடனே, பறவைக்கு எந்த நாட்டில் கொடி மாட்டினார்கள் என்று சொல்லிவிடலாம். மறுபடி பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஆயிரம் பறவைகள் ஓடித் திரியும் மணலில் மூன்று எழுத்தைப் படிப்பது லேசான காரியமா? மணிக்கணக்கில் கண் கொட்டாமல் உட்கார வேண்டும்!

பி 95 ஆண்டுதோறும் வடக்கே கனடாவின் பனிப் பிரதேசத்துக்குப் போய் வந்தது. போக 9 ஆயிரம் மைலுக்கு மேல். வரவும் அவ்வளவு.

நண்டு முட்டை விருந்து

வழியில் மே மாதம் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இறங்கும். அப்போது அங்கே குதிரை லாட நண்டுகள் கரையேறி முட்டையிடும். கடுகைப் போன்ற பச்சை முட்டைகள். இரண்டே வாரம் வயிறு முட்டத் தின்று, வந்தபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு எடை ஏறிவிடும். பிறகுதான் மேற்கொண்டு பறக்கும்.

இந்தச் சாப்பாட்டில்தான் மண் விழுந்தது. 1990களில் விலாங்கு மீனும் சங்கும் பிடிக்க, இரைக்காக நண்டுகளை லாரி லாரியாக அள்ளினார்கள். முட்டை குறைந்தது. பறவைகளும் பெருமளவு குறைந்துபோயின. 2008-ல் நியூ ஜெர்சி மாகாணம் நண்டு பிடிப்பதைத் தடை செய்தது. 2014-ல் அமெரிக்க அரசு இந்தப் பறவையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

ஒவ்வொரு மே மாதமும் கரையில் காத்திருந்தவர்களுக்கு ஒரே கேள்விதான்: "பி 95 வந்துவிட்டதா?"

கூட வளையம் மாட்டிக்கொண்ட எத்தனையோ பறவைகள் வரவில்லை. அது வந்தது. 2014 மே மாதத்திலும் வந்தது! அப்போது அதற்குக் குறைந்தது 20 வயது. அதற்குப் பின் அதைப் பற்றித் தகவல் இல்லை.

கோடியக்கரையில்

நம் வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வடதேசத்து உள்ளான்கள் வருகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக அங்கே வளையம் மாட்டியிருக்கிறார்கள். கடற்கரையில் அப்படி ஒன்றைக் கண்டால் விரட்டாதீர்கள். எந்தக் கால், வளையமா கொடியா, என்ன நிறம், என்ன எழுத்து, எந்த ஊர், எந்தத் தேதி என்று குறித்து, மும்பையிலுள்ள அந்தக் கழகத்துக்கு எழுதுங்கள். எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் நிறத்தை மட்டுமாவது எழுதலாம்.