சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே சிதையும் புகைபோக்கிகள்

வெள்ளீயச் சுரங்கங்களால் செழித்து வளர்ந்த, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போ நகரம், 1892-ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீயில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன தன் கட்டடங்களில் பெரும்பகுதியை இழந்து, அதன் பின்னர் செங்கல்லையும் சுட்ட ஓட்டையும் கொண்டு மீண்டும் எழுந்தது. கோலாலம்பூரும் அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக இதே பாடத்தைக் கற்றிருந்தது. 1881-இல் அந்நகரம் எரிந்த பிறகு, அப்போது சிலாங்கூரின் பிரிட்டிஷ் அதிகாரியாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். இன்று ஈப்போவின் பழைய நகரப் பகுதியிலும் ஜாலான் லாகாட்டைச் சூழ்ந்த இந்தியர் கடைத்தெருக்களிலும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் கடைவீட்டு வரிசைகள் இவ்வாறு நெருப்புக்கு அஞ்சிப் பிறந்த கட்டடங்களே. ஆனால், அவற்றை இன்று அழிப்பது பெரும்பாலும் நெருப்பு அன்று, நீர்.

கடைவீடு என்பது கீழ்த்தளத்தில் வாணிகமும் மேல்தளத்தில் குடியிருப்புமாக அமைந்த, அகலம் குறுகியும் நீளம் மிகுந்தும் உள்ள கட்டடம் ஆகும். முன்புறம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க ஐந்தடி நடைபாதையும், நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்கும் திறந்த முற்றமும், பின்புறம் அடுக்களையும் அமைந்திருக்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே தனித்தனிச் சுவர்கள் கிடையாது; இரு வீடுகளின் உத்தரங்களையும் ஒருசேரத் தாங்கும் ஒரே செங்கல் சுவர்தான் உண்டு, அதுவே பொதுச்சுவர் எனப்படும். ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த கூரைக்குத் தாவாமல் இருக்கும்பொருட்டுப் பல வரிசைகளில் இச்சுவர் ஓட்டுக்கு மேலேயும் நீண்டு நிற்கும். அடுக்களையில் விறகும் கரியும் எரிந்த காலத்தில், புகை சில வீடுகளில் முற்றத்தின் வழியாகவோ உயர்த்திக் கட்டிய கூரைத் திறப்பின் வழியாகவோ வெளியேறியது. வேறு சில வீடுகளில் பின்சுவரையோ பொதுச்சுவரையோ ஒட்டிச் செங்கல்லால் எழுப்பிய புகைபோக்கியின் வழியாக மேலேறியது.

இப்புகைபோக்கிகள் சிதைவதற்கான முதற்காரணம் பலர் எண்ணுவதற்கு மாறானது. அவை மிகுதியான பயன்பாட்டால் தேயவில்லை, பயன்பாடு நின்றுபோனதால் தேய்கின்றன. நாள்தோறும் அடுப்பெரிந்த காலத்தில் வெப்பக் காற்று புகைவழியின் உட்சுவரை உலர்த்திக்கொண்டே இருந்ததால், முந்தைய இரவின் மழையில் ஊறிய ஈரம் மறுநாள் சமையலுடன் வெளியேறிவிட்டது. எரிவாயு அடுப்பு வந்ததும் அந்த அன்றாட உலர்த்தல் நின்றது. மேல்வாய் திறந்தபடியே இருக்க, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் ஊரில் நீர் உள்ளே இறங்கி, பல பத்தாண்டுப் புகைக்கரியில் தங்கியிருந்த உப்புகளையும் அமிலங்களையும் கரைத்துச் செங்கல்லின் உள்ளே கொண்டுசெல்லத் தொடங்கியது. கரைந்த உப்பு சுவரின் வெளிமுகத்தை அடைந்து நீர் ஆவியாகும்போது படிகமாகிறது. படிகம் வளரும் நெருக்குதலில் செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. அடுக்களைச் சுவரில் எத்தனை முறை வண்ணம் பூசினாலும் மீண்டும் மீண்டும் தோன்றும் பழுப்புக் கறையும் இந்த ஈரத்தின் அடையாளமே.

புகைபோக்கி நாற்புறமும் காற்றுக்கும் மழைக்கும் திறந்து நிற்பதால் கட்டடத்தின் பிற பகுதிகளைவிட முன்னதாக நோயுறுகிறது. ஐரோப்பிய நகரங்களில் செங்கல்லுக்குள் உறையும் பனி செய்யும் சேதத்தை ஈப்போவில் செடிகள் செய்கின்றன. பறவைகளின் எச்சத்தில் வந்து விழும் ஆல், அரசு போன்ற அத்தி இனங்களின் விதைகள், சாந்து உதிர்ந்த இடுக்கில் முளைத்து, ஈரம் தேடி வேரை உள்ளே செலுத்திச் செங்கற்களை விலக்குகின்றன. பச்சைச் செடியைக் கையால் பிடுங்குவது பெருந்தவறு. வேருடன் கல்லும் பெயர்ந்து வரும், அறுந்து எஞ்சிய வேர் மீண்டும் துளிர்க்கும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் முழுவதும் மடிந்த பிறகே அதை அகற்றிச் சாந்து நிரப்ப வேண்டும்.

இவ்வளவும் இயற்கையின் வேலை. இதைவிடப் பெரிய கேட்டைப் பழுதுபார்ப்பு என்ற பெயரிலேயே மனிதர் செய்துவருகின்றனர். பழைய செங்கல் கையால் அச்சிட்டு, விறகுச் சூளையில் ஏற்ற இறக்கமான வெப்பத்தில் சுடப்பட்டது. அதன் வெளித்தோல் உறுதியாகவும் உள்ளீடு மென்மையாகவும் இருக்கும். அதை இணைத்த சாந்து, நீர்த்த சுண்ணாம்பும் மணலும் கலந்த, செங்கல்லைவிட மென்மையான, ஈரத்தை எளிதில் கடத்தும் பொருள். சுவர் சற்று அசைந்தால் சாந்து வளைந்து கொடுத்தது. ஈரம் ஏறினால் அது சாந்தின் வழியாகவே வெளியேறியது. இந்த ஏற்பாட்டில் சாந்துதான் தேய வேண்டிய உறுப்பு, செங்கல் காக்கப்பட வேண்டிய உறுப்பு. சாந்து உதிர்ந்த இடத்தில் சிமெண்டைத் திணிக்கும்போது இம்முறை தலைகீழாகிறது. சிமெண்டுச் சாந்து பழைய செங்கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் விடாதது. ஆகவே அசைவின் இழுவிசை செங்கல்லின் மீது விழுகிறது, வெளியேற வழியற்ற ஈரமும் செங்கல்லின் வழியாகவே கசிகிறது. சில ஆண்டுகளில் சிமெண்டுக் கோடுகள் மட்டும் சட்டகம்போல் புடைத்து நிற்க, இடையிலுள்ள செங்கற்கள் குழிந்து பொடியாகிக் கிடப்பதைப் பழைய தெருக்களின் பின்சந்துகளில் நடப்பவர் எவரும் காணலாம். சுவருக்குக் காப்பு என்று நம்பிப் பூசப்படும், ஈரத்தை விடாத பிளாஸ்டிக் தன்மையுள்ள வண்ணமும் இதே கேட்டையே செய்கிறது.

வேதனைக்குரியது என்னவென்றால், இது நிகழும் ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகளே நிற்கின்றன. குனோங் ராப்பாட்டின் குகைக் கோயில்களைத் தாங்கும் குன்றுகளும், சிம்பாங் பூலாய்ப் பக்கத்துக் கல்லுடைப்பு மலைகளும் அந்தக் கல்லால் ஆனவை. அங்கே கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழிலும் உண்டு. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதை நீரில் இட்டால் கொதித்துப் பொங்கி நீர்த்த சுண்ணாம்பாகும். சாந்தாகச் சுவரில் ஏறியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டு மீண்டும் கல்லாகும். வாங்குவோர் ஒரு வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தூவும் வெண்பொடி, சுடாத கல்லை அரைத்த வெறும் தூள். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைச் சாந்தில் கலந்தால் அது ஒருபோதும் இறுகாது.

சுண்ணாம்பு வேலையில் இவ்வட்டார இந்தியர்களுக்கு உள்ள தொடர்பு நெடியது. சிங்கப்பூரில் 1850-களின் நடுவில் தொடங்கி 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் கட்டினர். அதன் உட்சுவருக்கு அவர்கள் பூசிய சுண்ணச் சாந்தின் செய்முறையை, கைதிகளின் மேற்பார்வையாளராயிருந்த மெக்நேர் 1899-இல் வெளிவந்த தம் நூலில் பதிந்துள்ளார்: சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, பின்னர் பளிங்குபோல் மினுங்கும்வரை தேய்த்திருக்கின்றனர். அது மதராஸ் சுண்ணம் என்றே பெயர் பெற்றது. பேராக்கிலோ, பத்து காஜாவுக்கு அருகில் ஸ்காட்டியத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி சுமித் 1915-ஆம் ஆண்டளவில் தொடங்கிய மாளிகைக்குச் செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன, கட்டும் கைகளும் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. சுமித் 1926-இல் லிஸ்பனில் காலமானதால் முடிவுறாமல் நின்றுபோன கெல்லிஸ் காசல், பழைய செங்கல்லும் சுண்ணப்பூச்சும் மழையில் எவ்வாறு மூப்படைகின்றன என்பதைக் கற்க விரும்புவோருக்குத் திறந்த பள்ளிக்கூடமாக இன்றும் நிற்கிறது.

புகைபோக்கியைச் சீர்செய்யும் வேலை, ஏணியில் அன்றி, உறுதியான சாரத்தின் மீது ஏறிப் பார்ப்பதில் தொடங்குகிறது. உச்சியிலுள்ள சில வரிசைகள் மட்டுமே தளர்ந்திருந்தால் அவற்றைக் கல் கல்லாக எண்ணிட்டு இறக்கி, பழைய சாந்தைச் சுரண்டி, அதே கற்களைக் கொண்டு மீண்டும் அடுக்கலாம். ஒருபுறம் மட்டும் தொடர்ந்து நனையும் புகைபோக்கியில், சாந்தில் சேரும் சல்பேட் உப்புகள் அப்பக்கத்தை வீங்கச் செய்வதால் முழுத்தண்டும் உலர்ந்த பக்கமாகச் சாய்வதுண்டு; சாய்வு கண்ணுக்குத் தெரியும் அளவு முற்றியிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரின் கருத்தைப் பெறாமல் ஒரு கல்லையும் தொடலாகாது. கட்டுறுதி குன்றாத சுவரில் இணைப்புகளை மட்டும் புதுப்பித்தால் போதும். இணைப்பின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழத்துக்குக் குறையாமல், ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை, உதிரும் சாந்தை உளியும் சுத்தியும் கொண்டு கையால் அகற்ற வேண்டும். சுழலும் வெட்டுக்கருவி வேலையை விரைவாக்கும், ஆனால் செங்கல்லின் ஓரங்களையும் அறுத்துவிடும். பிறகு தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூர்மணல் சேர்த்த சாந்தை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புவர். ஈரக்காற்று மிகுந்த இவ்வூரில் வெறும் சுண்ணாம்பு இறுகக் காலம் பிடிப்பதால், தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் சுர்க்கி என்று அழைக்கும் சுட்ட செங்கல் தூளை ஓரளவு சேர்ப்பது நல்லது. அது சுண்ணாம்புடன் வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும் தன்மையைத் தருகிறது.

இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி பூசுவது அன்று, காத்திருப்பது. நீர்த்த சுண்ணாம்பைக் குழியிலோ தொட்டியிலோ நீரின் அடியில் மாதக்கணக்கில் புளிக்க விட்டால்தான் அது வெண்ணெய்ப் பதமாகும். பூசிய பின்னரும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, வெயில் சுட்டுவிடாமலும் மழை அடித்துக்கொண்டு போகாமலும் நாள்கணக்கில் காக்க வேண்டும். ஆகையால் ஆண்டிறுதியின் பெருமழை மாதங்களைத் தவிர்த்து வேலையைத் திட்டமிடுவதே அறிவுடைமை. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகக்கூடும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இன்றி எவரையும் இவ்வேலையில் இறக்கக் கூடாது. கடைசியாக, கூரை ஓடும் புகைபோக்கியும் சந்திக்கும் இடத்தில் ஈயத் தகடோ துத்தநாகத் தகடோ பதித்து நீர் புகாமல் செய்து, பயன்படாத புகைவழியின் வாயில் மழையைத் தடுத்துக் காற்றை விடும் மூடி ஒன்றையும், அடியில் சிறு காற்றுத் துளையையும் அமைக்க வேண்டும். வாயை முற்றிலும் அடைத்துப் பூசிவிட்டால் உள்ளே நின்ற ஈரம் அங்கேயே தங்கிவிடும்.

தனி வீட்டின் உரிமையாளர் இவ்வளவையும் தம் விருப்பப்படி செய்துகொள்ளலாம். வரிசை வீட்டில் நிலைமை வேறு. பொதுச்சுவரின் ஒரு முகத்தைச் சுண்ணாம்பால் பூசி, அடுத்த வீட்டார் மறுமுகத்தைச் சிமெண்டால் மூடினால், ஈரம் முழுவதும் முதல் வீட்டின் பக்கமே திரும்பும். நடுவிலுள்ள ஒரு வீட்டை இடித்தாலோ, இதுவரை உள்சுவராக இருந்து மழையையே அறியாத செங்கல் திடீரென்று வெளிச்சுவராகிறது. உத்தரங்களின் பிடிப்பும் ஒருபுறம் அற்றுப்போகிறது. பேராக்கின் சில நகரங்களில் கைவிடப்பட்ட கடைவீடுகளைப் பறவைக்கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்க்கும் கூடங்களாக்கி, உள்ளே இடைவிடாமல் ஈரப்பதம் ஏற்றுவதும் அண்டைச் சுவரின் தலையிலேயே விடிகிறது. ஆகவே ஒரு வரிசையின் உரிமையாளர்கள் கூடிப் பேசி, ஒரே சாரம் கட்டி, ஒரே கொத்தனார் குழுவைக் கொண்டு, ஒரே வகைச் சாந்தால் வேலையை முடிப்பதே நியாயமானதும் செலவு குறைந்ததும் ஆகும்.

இத்தனை காலம் இது நடவாமல் போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயராமல் கட்டுப்படுத்திய 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், எளிய குடும்பங்களையும் சிறு வணிகர்களையும் நகரின் நடுவில் வாழவைத்தது. ஆனால் சொற்ப வாடகையைப் பெற்ற உரிமையாளர் பழுதுபார்ப்பில் பணம் போடத் தயங்கினார். அச்சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு விலகியதும், பல குடிகள் வெளியேறின; வீடுகள் பூட்டிக் கிடந்தன, அல்லது அவசரமாகச் சிமெண்டு பூசப்பட்டு உணவகங்களாகவும் விடுதிகளாகவும் மாறின. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் பட்டியலில் இடம்பெற்ற கட்டடங்களுக்குக் காப்பளிக்கிறது. ஆனால் பின்சந்தில் நிற்கும் ஓர் எளிய புகைபோக்கியின் சாந்து எதனால் ஆனது என்பதை அங்கே வேலை செய்பவரின் அறிவே தீர்மானிக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனிலும் மலாக்காவிலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளுக்குத் தேவை பிறந்தது. ஈப்போவிலும் அத்தகைய பயிற்சியை வட்டாரத் தொழிற்கல்வியில் சேர்த்தால், இளையோருக்கு நல்ல பிழைப்பாகவும் அமையும்.

நகரத்தைக் கடந்து தோட்டப்புறத்துக்குச் சென்றால் வேறொரு வகைப் புகைச்சுவர் எதிர்ப்படும். மரப்பலகையாலான தொழிலாளர் லயங்களில் புகைபோக்கி அரிது. விறகடுப்பின் புகை ஓட்டிடுக்கு வழியாகவே கசிந்தது. செங்கல் புகைவழி இருந்தது ரப்பர் தாள்களைப் புகையூட்டும் கூடத்தில்தான். ஃபார்மிக் அமிலத்தால் உறையவைத்து உருளையில் அழுத்திய தாள்களை அங்கே தொங்கவிட்டு, ஏறத்தாழ 50 முதல் 60 பாகை செல்சியசில் பல நாள் விறகுப் புகையில் உலர்த்துவர். தோட்டங்கள் எண்ணெய்ப் பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறிய பின், எஞ்சிய கூடங்கள் கூரை இழந்து நிற்கின்றன. அவற்றை இடித்து, நகரத்துப் பழுதுக்குப் பழைய செங்கல்லாகப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவோர், புகைத்தார் ஊறிய கல் எந்தப் பூச்சையும் ஊடுருவிக் கறையைக் கசியவிடும் என்பதை அறிய வேண்டும். நின்றுகொண்டிருக்கும் கூடத்தை அளந்து, படமெடுத்து, நின்ற இடத்திலேயே காப்பதுதான் சரி. அங்கே இரவு முழுவதும் விழித்திருந்து அடுப்பைக் காத்தவர்களில் சிலர் முதுமையில் இன்றும் அக்கம்பக்கத்துத் தாமான்களில், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளில், வாழ்கின்றனர். எந்த விறகை எரித்தனர், எந்தத் திறப்பை எப்போது மூடினர், அடுப்பின் எந்த மூலை அடிக்கடி வெடித்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால், சுவரில் விரிசல் ஏன் குறிப்பிட்ட இடத்தில் ஓடுகிறது என்பது அதைச் சீர்செய்ய வரும் கொத்தனாருக்கு விளங்கும்.