காசு போனால் போதாதா, காலும் போக வேண்டுமா?

(வானொலி மறையுரை – தவக்காலச் சிந்தனை)



நம் பங்கில் தவக்காலப் பிறரன்பு நடைக்கான அட்டைகளைக் கொடுத்து வருகிறோம். போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும், என் வயதுக்காரர் ஒருவர் அட்டையோடு வந்து நின்றார். "சாமி, பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப நானும் நடந்தவன்தான். அதுக்கப்புறம் முப்பது வருஷமா இந்தப் பக்கமே வரல. இப்ப காசைக் கொடுத்துட்டுப் போறேனே, கால் எதுக்கு நோகணும்?" என்றார். நியாயமான கேள்வி. இன்று அதையே நாம் சிந்திப்போம்.

பிறரன்பு நடை என்றால் என்ன? நடப்பவர் ஓர் அட்டையோடு வீடு வீடாகப் போகிறார். "நான் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீங்கள் இவ்வளவு தர வேண்டும்" என்று வாக்கு வாங்குகிறார். நடந்து முடித்த பிறகு அந்தப் பணத்தை வாங்கி ஏழைகளுக்குச் சேர்க்கிறார். 1969-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பவுலிஸ்ட் சபையாரின் மையத்தைச் சேர்ந்தவர்கள் பசித்தோருக்காக இப்படி ஒரு நடையைத் தொடங்கினார்கள். 1980-இல் கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற இளைஞர் புற்றுநோயால் வலது காலை இழந்த பின், செயற்கைக் காலோடு 143 நாட்கள் ஓடினார். 5,373 கிலோமீட்டர் ஓடி முடித்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியது. மறு ஆண்டு இறந்தார். அவர் பெயரால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஓட்டங்கள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே நடந்தவர் ஒருவர் உண்டு. எருசலேமில் இறைமக்கள் வறுமையில் வாடியபோது, புனித பவுல் மாசிதோனியாவிலும் அக்காயாவிலும் காணிக்கை திரட்டினார். அதை யார் கையிலாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் தாமே எருசலேமுக்குப் புறப்பட்டார். பணம் மட்டும் போனால் அது உதவி. பணத்தோடு ஆளும் போனால் அது உறவு. பவுல் விரும்பியது உறவு.

இங்கே என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் நான் ஆண்டுதோறும் கொடியசைத்து நடையைத் தொடங்கி வைப்பேன். பிறகு ஜீப்பில் ஏறி முன்னால் போய், முடியும் இடத்தில் நின்று எல்லாரையும் வரவேற்பேன். நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டவனைத் தன் விலங்கின்மேல் ஏற்றிய சமாரியர், மீதி வழியை நடந்துதான் போயிருப்பார். விலகிப் போனவர் ஒரு குரு. நான் யாரைப்போல இருந்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. ஓர் ஆண்டு வேலைப் பளுவில் வசூல் கணக்கைக் கோவிலில் வாசிக்காமல் விட்டேன். ஒரு ரூபாயும் தவறிப் போகவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பாதிப் பேர் வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். விலகிப் போகிறவர்கள் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை. பவுல் இதை அறிந்திருந்தார். காணிக்கைப் பொறுப்பில் யாரும் தம்மைக் குறை சொல்லக் கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்தவர்களையும் கூட்டிக்கொண்டார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் 8-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். இந்த முறை நடை முடிந்த மறு ஞாயிறே கணக்கு வாசிக்கப்படும். அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும்.

நான் திரும்பி வந்தது போன ஆண்டுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நம் மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. நீர் வடிந்த பிறகு பாத்திகளை மறுபடியும் மிதித்துக் கெட்டிப்படுத்தி, புதிதாக உப்பு விளைய வைக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை என்பது நமக்குத் தெரியும். அந்த மாதங்களுக்கு அரிசியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தர நிதி திரட்டுவோம் என்று முடிவு செய்தோம். இளையோர், "சாமியும் நடப்பார்" என்று என்னைக் கேட்காமலே அறிவித்துவிட்டார்கள்.

விடியற்காலையில் உப்பளத்து ஓரமாக நடந்தோம். மூன்றாவது கிலோமீட்டரில் எனக்கு மூச்சு வாங்கியது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து, "யாருக்காக சாமி நடக்கறீங்க?" என்று கேட்டார். "உங்களுக்காகத்தான்" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் சிரித்தார். "அப்போ செத்த நேரம் நின்னு தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். உப்பளத்தில் குடிநீர் கிடையாது. வீட்டிலிருந்து சுமந்து வந்த குடத்திலிருந்துதான் எங்களுக்கு ஊற்றினார். மாசிதோனியா மக்கள் கொடிய வறுமையிலும், கொடுக்கும் பேறு தங்களுக்கும் வேண்டும் என்று கெஞ்சினார்கள் எனப் பவுல் எழுதியதன் பொருள், குருமடத்தில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. அன்று புரிந்தது. ஜீப்பில் போயிருந்தால் அந்தத் தண்ணீர் எனக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி கேட்ட அந்தச் சகோதரருக்கு என் பதில் இதுதான். காசு அவர்கள் வீட்டுக்குப் போகும். கால்தான் நம்மை அவர்களிடம் கொண்டுபோகும்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பதினைந்து வயதில் நடந்த தூரத்தை ஐம்பதில் நடக்க முயல வேண்டாம். இன்றிலிருந்தே தினமும் அரை மணி நேரம் நடந்து பழகுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு வர வேண்டாம். நடந்து முடித்ததும் பாதங்களில் புண், கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கும் திருப்பயணிகள் நம் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வரும் வேகம் நமக்குத் தெரியும். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக, வரிசையாக நடப்போம். நடக்கவே முடியாதவர்கள் தண்ணீர்ப் பந்தலில் உட்காருங்கள். அதுவும் நடையில் சேர்ந்ததுதான்.

இத்தனை ஆண்டுகள் ஏன் வரவில்லை என்று யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். கேட்கும் தகுதி எனக்கும் இல்லை. அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோவில் வாசலில் சந்திப்போம். எல்லாம் வல்ல இறைவன் நம் கால்களை ஏழைகளின் வாசலுக்கு நடத்துவாராக. ஆமென்.