பெயர் மாறினால் வேலை நின்றுவிடுமா?

'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இத்தகைய பெயர் மாற்றங்களின்போது, 'பழைய முகவரி என்னாகும், எதற்கு வீண் குழப்பம்' என்ற மறுப்பை நாம் கேட்கிறோம். கணினித் துறையும் இதே மறுப்பைச் சந்தித்தது. அங்கே கண்ட தீர்வு நாம் அறியத்தக்கது.

மென்பொருள் எழுதுவோர் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கிட்' என்னும் கருவியில் பதிகின்றனர். அதன் முதன்மைக் கிளைக்கு 'மாஸ்டர்' என்பதே இயல்புப் பெயராக இருந்தது. 2020 மே மாதம் அமெரிக்கக் காவலரால் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதைத் தொடர்ந்த போராட்டங்களின்போது, ஆண்டான்–அடிமை உறவை நினைவூட்டும் இச்சொல் கேள்விக்குள்ளானது. ஜூலையில் வெளிவந்த கிட் 2.28, இயல்புப் பெயரைப் பயனரே அமைத்துக்கொள்ள வழிசெய்தது. அக்டோபர் 1 முதல் கிட்ஹப் தளத்தின் புதிய களஞ்சியங்களுக்கு 'மெயின்' இயல்புப் பெயரானது.

ஆயினும் பழைய களஞ்சியங்கள் பலவற்றில் 'மாஸ்டர்' நீடிக்கிறது. பழனியை அடுத்த ஆயக்குடியில், குடும்பத்தின் முதல் தலைமுறையாக நிரல் கற்கும் மாணவரை எண்ணிப் பார்ப்போம். பழைய பாடத்தின் கட்டளையை அப்படியே இடுகிறார். 'அப்படியொரு கிளை இல்லை' என்று பிழை வருகிறது. தமக்கு இது வராது என அவர் முடிவு கட்டிவிடக் கூடாது. பிழை பெயரில் மட்டுமே உள்ளது.

இதற்குக் குறுக்குவழி உண்டு. நீண்ட கட்டளைக்கு 'அலையஸ்' எனப்படும் சுருக்கப் பெயரைக் கிட்டில் சூட்டலாம். அதனுள் எந்தக் கிளைப் பெயரையும் நேரடியாக எழுதாமல், 'ஆரிஜின்/ஹெட்' சுட்டி காட்டும் கிளையை எடுத்துக்கொள்ளுமாறு அமைக்க வேண்டும். அப்போது ஒரே குறுக்குவழி இருவகைக் களஞ்சியங்களிலும் இயங்கும். வழங்கியில் பெயர் பின்னர் மாறினால், 'ரிமோட் செட்-ஹெட்' கட்டளையை 'ஆட்டோ' தெரிவுடன் ஒருமுறை இட்டால் சுட்டி புதுப்பிக்கப்படும்.

கிளையின் பெயரை மாற்றுவதால் பதிவுகளில் ஒன்றுகூட அழிவதில்லை. யார், எப்போது, எதை எழுதினார் என்ற வரலாறு முழுமையாக நிற்கிறது. பெயர் மாற்றத்தால் மட்டும் ஒடுக்குமுறை ஒழிந்துவிடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒருமுறை செய்யவேண்டிய சிறு வேலையைக் காரணம் காட்டி, இழிவைச் சுமந்த பெயரைத் தொடரச் சொல்வதை ஏற்க இயலாது.