உஷார்! அட்டையில் மட்டும்தான் புது வருஷம்

காக்கிச் சட்டைக்கு ஆசைப்பட்டு ராத்திரி பகல் பாராமல் படிக்கும் தம்பி, தங்கைகளே! உங்கள் கையில் இருக்கும் கைடைப் பிரித்து, கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு எது என்று தேடுங்கள். வெறும் 302 என்று போட்டிருக்கிறதா? அப்படியானால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது செத்துப்போன சட்டம்.

2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் விடைபெற்றுக்கொண்டது. கூடவே குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் போயின. வந்தவை பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம். தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்த இடத்தில் நியாய சன்ஹிதாவில் இப்போது 358. கொலைக்குத் தண்டனை 103. மோசடிக்கு 420 என்று ஊரே சொல்லிச் சிரித்துப் பழகிய எண் இன்றைக்கு 318.

எண் மாறியதோடு போயிருந்தால் இவ்வளவு பதற வேண்டியதில்லை. பழைய எண்கள் புதுச் சட்டத்திலும் உயிரோடு இருக்கின்றன, வேறு குற்றத்துக்கு! புதுச் சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. 304 என்பது செயின் பறிப்பு போன்ற பறிப்புக் குற்றம். ஊரடங்கு என்றாலே நாம் சொல்லும் 144-க்கு இப்போது 163. புது நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவோ மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். இன்னொன்று இதைவிட விஷம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 173 என்றால் புலனாய்வு முடிந்து கோர்ட்டில் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கை. புதுச் சட்டத்தில் 173 என்றால் எஃப்.ஐ.ஆர். வழக்கின் வாலாக இருந்த எண் தலையாகிவிட்டது. நாலு விடைகளுக்குள் இறுதி அறிக்கை, எஃப்.ஐ.ஆர். இரண்டுமே உட்கார்ந்திருக்கும்போது, பழைய கைடைக் கரைத்துக் குடித்தவர் எதை டிக் அடிப்பார்? ஒன்றும் படிக்காமல் போனவருக்காவது சந்தேகம் வரும். இவருக்குத் தப்பு விடைமேல் முழு நம்பிக்கை!

எஸ்.ஐ. தேர்வைத் துறை ஒதுக்கீட்டில் எழுதும் காவலர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அவர்களுக்குச் சட்டம்தான் மார்க். 2024 ஜூலைக்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுகள்தான் என்பதால் ஸ்டேஷன் வேலைக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. எது எப்போது பொருந்தும் என்று பிரித்துச் சொல்லாத புத்தகம் அவர்களுக்குக் குழப்பத்தைத்தான் விற்கிறது.

பழைய சரக்கு புது அட்டையில் வருவது எப்படி நடக்கிறது? அறிவிப்பு வந்து சில மாதத்தில் பரீட்சை. அந்த இடைவெளியில் கடை நிரம்ப வேண்டும். முழுப் புத்தகத்தையும் ஆள் வைத்துத் திருத்துவதற்குச் செலவாகும், நாளாகும். அட்டையை மாற்றுவதற்கு ஒரு சாயங்காலம் போதும். எல்லாப் பதிப்பாளர்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். உழைத்துத் திருத்தி வெளியிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே பளபளப்பில், ‘புதிய பதிப்பு’ என்ற ஒரே வார்த்தையோடு, பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கின்றன. ‘100 சதவீத வெற்றி’ என்று சிவப்பு எழுத்தில் கத்துகிற அட்டையைக் கண்டால் எனக்குச் சந்தேகம் ஒரு படி கூடவே வருகிறது.

எனவே கல்லாவில் பணத்தை நீட்டும் முன், கடையில் நின்றபடியே புத்தகத்துக்கு நீங்கள் ஒரு பரீட்சை வையுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். முதலில் தேர்வு முறை பற்றிய பக்கம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் பணிகளுக்கு நடத்தும் தேர்வில் எழுத்துத் தேர்வு 80 மார்க் என்றும், அதில் பொது அறிவு 50, உளவியல் 30 என்றும் போட்டிருந்தால் அப்படியே மூடி வைத்துவிடுங்கள். அது 2022-க்கு முந்தைய கணக்கு. அதன் பிறகு முதன்மை எழுத்துத் தேர்வு 70 மார்க். பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. உடல் திறன் போட்டிகளுக்கு 24. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6.

இதற்கெல்லாம் முன்னால் வாசலில் நிற்பது தமிழ் மொழித் தகுதித் தேர்வு. 80 கேள்வி, 80 மார்க். 40 சதவீதம், அதாவது 32 எடுத்தே ஆக வேண்டும். இந்த மார்க் ரேங்க்கில் சேராது. அதனால்தான் நிறையப் பேர் அசட்டையாக விடுகிறார்கள். 32 வராவிட்டால் உங்கள் முதன்மைத் தேர்வு விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்! நமக்குத் தமிழ் தெரியாதா என்ன என்று இருந்துவிடாதீர்கள். பேசத் தெரிவது வேறு, புணர்ச்சி விதியும் நூலாசிரியர் பெயரும் கேட்டால் சொல்வது வேறு. இந்தப் பகுதிக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கி, பழைய பாடங்களை நிரப்பியிருக்கும் கைடு உங்களை வாசலிலேயே கவிழ்த்துவிடும். 2018, 2019-இல் பள்ளிப் பாடநூல்கள் முழுக்க மாறியதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்து, தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? 32 என்றால் அந்தப் பக்கம் 2019-க்கு முன்னால் எழுதியது. 37 என்றால் 2020 டிசம்பரில் பிறந்த மயிலாடுதுறையைத் தவறவிட்டது. 38 என்பதே சரி. இந்தியாவின் யூனியன் பிரதேசங்கள் 9 என்று இருந்தாலும் பழசு. 2020 ஜனவரியில் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றான பிறகு 8. போலீஸ் வேலைக்கான புத்தகத்திலேயே ஆவடி, தாம்பரம் கமிஷனர் அலுவலகங்களைக் காணவில்லை என்றால் அதை என்னவென்று சொல்ல?

உளவியல் பகுதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். எண் பகுப்பாய்வு, தர்க்கம், மனத்திறன், தகவலைக் கையாளுதல் என்று கணக்கும் யோசனையும் கலந்த பகுதி அது. அங்கே பிராய்டும் பாவ்லோவும் பக்கம் பக்கமாக வந்தால், ஆசிரியர் தேர்வுக்கு எழுதியதை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு இருந்தும் வழிமுறை இல்லாமல் அ, ஆ, இ, ஈ என்று விடை மட்டும் இருந்தால் அதுவும் ஆபத்துதான். அச்சில் ஒரு விடை விட்டுப்போனால் அதன் கீழே உள்ள அத்தனையும் ஒரு வரி மேலே ஏறிவிடும். வழிமுறை இல்லாத புத்தகத்தில் அதை நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இலவசமாகச் சுற்றும் பி.டி.எஃப். பற்றி ஒரு வரி போதும்: எந்த வருஷத்துப் புத்தகம் என்று காட்டும் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் பெரும்பாலும் ஸ்கேன் செய்கிறார்கள்.

ஆனால் அதே குழுக்களில் ‘நாளைய வினாத்தாள் இதோ, ஜி-பே செய்தால் அனுப்புகிறோம்’ என்று வந்தால், அங்கேதான் உண்மையான புதைகுழி. உத்தரப் பிரதேசத்தில் 2024 பிப்ரவரி 17, 18-இல் நடந்த காவலர் தேர்வு, கசிவுப் புகாரால் ஒரே வாரத்தில் ரத்தானது. 60 ஆயிரத்துச் சொச்சம் இடங்கள், 48 லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள். ஆகஸ்டில் மறுபடி தேர்வு நடந்தது. பணம் கொடுத்தவர் விலங்கு மாட்டிக்கொள்வது ஒரு பக்கம். நேர்மையாகப் படித்தவரின் ஆறு மாசத்தை யார் திருப்பித் தருவது? இந்த விளம்பரங்களில் பாதி வெறும் ஏமாற்று, வருவது போன வருஷத்துத் தாள். நிஜமான தாளே வந்தாலும் நீங்கள் குற்றவாளி. மற்ற வேலைக்கு எப்படியோ, காவல் வேலைக்கு முன்நடத்தைச் சரிபார்ப்பு உண்டு. உங்கள் பேரில் ஒரு வழக்கு பதிவாகிவிட்டால் கிரவுண்டில் கயிறு ஏறியதும் ஓடியதும் தண்ணீரில் போட்டதுதான்.

கைடே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. பழைய கேள்விகளைப் பார்க்க, நேரம் வைத்து எழுதிப் பழக அது உதவும். பாடத்துக்கு மட்டும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரையிலான அரசுப் பாடநூல்களிடம் போங்கள். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவசப் பயிற்சியும் நடக்கிறது. வெட்கப்படாமல் போய்ப் பெயர் கொடுங்கள். தேர்வு முறைக்கு வாரியத்தின் அறிவிப்பைத் தவிர யார் சொல்வதையும் நம்பாதீர்கள், நான் மேலே எழுதிய மார்க் கணக்கு உட்பட. அடுத்த அறிவிப்பில் அதுவும் மாறலாம். பரீட்சை முடிந்து தற்காலிக விடைக்குறிப்பு வரும்போது, தப்பென்று பட்டதை ஆதாரத்தோடு எழுதிப் போட அவகாசம் தருவார்கள். அந்த நாளில் நீட்டுவதற்குப் பாடநூல் பக்கத்தை இப்போதே பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.