விமானி பயிற்சிப் பள்ளி: கட்டணத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மும்பை: பயணிகள் விமானத்தை இயக்க விரும்புவோர் முதலில் வர்த்தக விமானி உரிமம் பெற வேண்டும். இதற்கு 12-ஆம் வகுப்பில் இயற்பியல், கணிதம் பயின்றிருப்பதுடன் 200 மணி நேரம் விமானம் ஓட்டிய அனுபவமும் தேவை.

இந்த 200 மணி நேரத்தை எத்தனை மாதங்களில் முடிக்க இயலும் என்பதே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எழ வேண்டிய முதல் கேள்வி. விமானங்கள் பழுதாகி நின்றாலோ, பயிற்றுநர்கள் குறைவாக இருந்தாலோ பயிற்சி நீளும். தங்கும் செலவும் கல்விக் கடன் வட்டியும் கூடும்.

பயிற்சி நடைபெறும் இடமும் முக்கியம். ஜே.ஆர்.டி. டாடா பயின்ற, 1928-இல் ஜுஹுவில் தொடங்கப்பட்ட பம்பாய் பிளையிங் கிளப், பறக்கும் பயிற்சியை சுமார் 300 கி.மீ. தொலைவிலுள்ள துலேயில் அளிக்கிறது. எனவே தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மாணவர்கள் விடுதிச் செலவையும் கணக்கில் கொள்வது அவசியம்.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2025 அக்டோபரில் முதன்முறையாக நடைமுறைப்படுத்திய தரவரிசையில் 13 பள்ளிகள் 'பி' பிரிவிலும், 22 பள்ளிகள் 'சி' பிரிவிலும் இடம்பெற்றன. 'ஏ' பிரிவில் ஒரு பள்ளியும் இடம்பெறவில்லை.

ஆகவே, உரிமத்துக்குத் தேவையான முதல் வகுப்பு மருத்துவத் தகுதியை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு, பயிற்சித் தளத்துக்கு நேரில் சென்று இயங்கும் விமானங்களின் எண்ணிக்கையை அறிந்த பின்னரே கட்டணம் செலுத்துவது நல்லது. அதையும் தவணைகளாகச் செலுத்துவது பாதுகாப்பானது.