உங்களுக்குத் தெரியுமா? – கேத்தரின் குக்சன்

அக்கா என்று நினைத்திருந்தவர்தான் தன்னைப் பெற்றவர் என்பது நாவலாசிரியர் கேத்தரின் குக்சனுக்கு ஏழெட்டு வயதில்தான் தெரிந்தது. அதைச் சொன்னது வீட்டார் அல்ல, தெருவில் கூட விளையாடிய பிள்ளைகள். அதுவரை அவர் ‘அம்மா’ என்று கூப்பிட்டது பாட்டியை. 1906-ல் இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆறு கடலில் சேரும் சவுத் ஷீல்ட்ஸில், கேட் என்ற மணமாகாத பெண்ணுக்குப் பிறந்தவர் அவர். ஊர் வாய்க்குப் பயந்து வீட்டுக்குள் உறவுமுறையையே மாற்றி வைத்திருந்தார்கள்.

✦

வீட்டுத் துணிமணியை அடகுக்கடையில் வைத்துவிட்டு வருவதும், ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியவர்களுக்கு பீர் வாங்கி வருவதும் சிறுமியின் வேலைகள். தாய் கேட் குடிக்கு அடிமையாகியிருந்தார். 13 வயதோடு மகளின் படிப்பு நின்றது.

✦

அவருடைய பல்கலைக்கழகம் ஒரு நாவலின் வழியே திறந்தது. எலினார் கிளின் எழுதிய காதல் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். கதாநாயகியின் பெயரும் கேத்தரின். முன்னேறத் துடிக்கும் அந்தப் பெண்ணிடம், செஸ்டர்ஃபீல்டு பிரபு மகனுக்கு எழுதிய கடிதங்களைப் படி என்று ஒரு சீமாட்டி சொல்கிறாள். நாவலைப் படித்த நம் கேத்தரின் அந்த அறிவுரையைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு, பொது நூலகத்துக்குப் போய் அந்தக் கடிதங்களைக் கேட்டு வாங்கினார். வரலாறு, இலக்கியம், நடைமுறை, நாகரிகம் என்று எல்லாவற்றுக்கும் அதுவே அவருக்குப் பாடப்புத்தகம் ஆனது. 1774-ல் அச்சான அந்தக் கடிதங்களை செஸ்டர்ஃபீல்டு எழுதியது, மணவாழ்க்கைக்கு வெளியே தனக்குப் பிறந்த மகனுக்கு. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை என்று ஏச்சு வாங்கிய ஒரு பெண்ணின் கையில் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

✦

அப்போது அவர் பார்த்த வேலை? ஹார்ட்டன் வொர்க்ஹவுஸின் சலவைக்கூடத்தில். வொர்க்ஹவுஸ் என்பது, கதியற்றவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து, அதற்கு ஈடாக உடலுழைப்பை வாங்கிக்கொண்ட இடம். பிறகு தெற்கே ஹேஸ்டிங்ஸ் நகரத்து வொர்க்ஹவுஸில் சலவைக்கூட மேலாளர் ஆனார். சம்பளத்தில் மிச்சம்பிடித்து, அங்கே பெரிய பழைய வீடு ஒன்றை வாங்கி, அறைகளை வாடகைக்கு விட்டார். குடிவந்தவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர் டாம் குக்சன். கேத்தரினைவிட ஆறு வயது இளையவர். 1940-ல் திருமணம்.

✦

நான்கு முறை கருவுற்றார். ஒரு குழந்தைகூடத் தங்கவில்லை. மனம் நொறுங்கி, மனநல மருத்துவமனையில் தானாகவே போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து மீளத்தான் எழுத உட்கார்ந்தார். முதல் நாவல் ‘கேட் ஹன்னிகன்’ 1950-ல் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். டைன் கரைச் சேரியில், மணமாகாமல் தாயாகும் ஒரு பெண்ணின் கதை அது. நாயகிக்குத் தன் தாயின் பெயரையே வைத்தார். அந்தத் தாயோடு அவருக்கு இருந்த மனத்தாங்கல் கொஞ்சநஞ்சமல்ல. அவரைப் பற்றி நேராக எழுதிய தன்வரலாறு ‘Our Kate’ (‘எங்கள் கேட்’) 1969-ல்தான் அச்சானது. கேட் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

✦

பின்னாளில் அவர் பேனா பிடிக்காமல் ஒலிப்பதிவுக் கருவியில் கதையைச் சொல்லிப் பதிந்தார். பாத்திரங்கள் பேசும் இடங்களை டைன் கரை வட்டார வழக்கில் நடித்தே காட்டுவாராம்.

✦

விமர்சகர்கள் பலர் ‘காதல் கதை எழுதுபவர்’ என்று ஒதுக்கினார்கள். அவர் அதை ஏற்கவே இல்லை. தான் எழுதுவது அந்த மண்ணின் சமூக வரலாறு என்றார். அவர் பக்கம்தான் நியாயம். நிலக்கரிச் சுரங்கம், கப்பல் கட்டும் துறை, வேலையில்லாத தெருக்கள், மேட்டுக்குடி வீடுகளின் சமையற்கட்டு என்று அந்த வட்டாரமே அவர் பக்கங்களில் இருக்கிறது. சவுத் ஷீல்ட்ஸ் அடங்கிய சவுத் டைன்சைடு நகராட்சியே சுற்றுலாப் பயணிகளிடம் தன்னைக் ‘கேத்தரின் குக்சன் நாடு’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டது!

✦

விற்ற பிரதிகள் 10 கோடிக்கும் மேல். அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொரு கணக்கு. பிரிட்டனின் பொது நூலகங்களில் 17 ஆண்டுகள் தொடர்ந்து மிக அதிகமாக இரவல் எடுக்கப்பட்ட எழுத்தாளர் அவர். 1998-ல், 92-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கும்போது இறந்தார். அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் அந்த இடம் அவரிடமே இருந்தது. அடுத்து அங்கே வந்தவர் சிறுவர் எழுத்தாளர் ஜாக்குலின் வில்சன். அவருடைய புகழ்பெற்ற நாயகி ட்ரேசி பீக்கரும் பெற்றவளைப் பிரிந்து காப்பகத்தில் வளரும் சிறுமிதான்.

✦

கேத்தரினுக்குப் பரம்பரை இரத்தக்கசிவு நோய் ஒன்று இருந்தது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலுவிழந்து, லேசாக உரசினாலும் உடையும். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டும், சோகை வாட்டும். வாழ்நாள் முழுவதும் இந்த நோயோடுதான் எழுதினார்.

1985 மார்ச்சில் நியூகாசில் பல்கலைக்கழகத்துக்கு 8,00,000 பவுண்டு தருவதாக அறிவித்தார். அதில் இரத்தவியலுக்கு ஒரு விரிவுரையாளர் பணியிடம் உருவானது. இரத்தக்கசிவு நோயாளிகளுக்கு லேசர் கருவி வாங்க 40,000 பவுண்டு. குழந்தைகளின் காதுகேளாமையை முன்கூட்டியே கண்டறிய, காது-மூக்கு-தொண்டைத் துறையில் புதிய பதவிக்கு 50,000 பவுண்டு. அதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடத்துக்கு 20,000 பவுண்டும், நூலகத்துக்கு 32,000 பவுண்டும் கொடுத்திருந்தார். தான் எதெதற்கு ஏங்கினாரோ, எது தன்னை வதைத்ததோ, அதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். 13 வயதில் படிப்பை விட்டவரின் பெயரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் ஒரு கட்டடம் இருக்கிறது.

✦

1993-ல், ‘சர்’ பட்டத்துக்கு இணையாகப் பெண்களுக்குத் தரப்படும் ‘டேம்’ பட்டம் பெற்றார். அவர் தொடங்கிய அறக்கட்டளை அவருக்குப் பிறகும் இளைஞர்களுக்கான சேவை அமைப்புகளுக்கும், நியூகாசிலின் டைன்சைடு சினிமா போன்ற கலை நிறுவனங்களுக்கும் நிதி அளித்து வருகிறது.