உங்களுக்குத் தெரியுமா? ‘ஹேங்’ ஆன கணினி எதற்காகக் காத்திருக்கிறது

கம்போங் ராஜாவில் மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கி, லோஜிங் பக்கம் இடி முழங்கத் தொடங்கினால் ஏதாவது ஓர் ஆபீசில் “ஹேங் ஆயிருச்சு!” என்ற குரல் கேட்கும். தோட்டத்துச் செக்ரோல் கணக்கோ, ஈப்போவுக்கு இறங்கும் காய்கறி லோரியின் பில்லோ திரையில் பாதியில் நிற்கும். பல நேரம் அந்தக் கணினியில் கோளாறே இருக்காது. அது திறந்து வைத்திருக்கும் கோப்பு பக்கத்து அறைச் சர்வரில் இருக்கிறது. அங்கே போகும் வழிதான் அறுந்திருக்கிறது.

✦

விண்டோஸில் ஒரு நிரல் 5 விநாடி எந்த அழைப்புக்கும் அசையாவிட்டால், ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று தலைப்பில் எழுதுவது விண்டோஸ்தான். அப்போது நம் கண்ணில் படுவது அந்த நிரலின் சன்னல்கூட இல்லை. அதன் கடைசித் தோற்றத்தை நகலெடுத்து மேலே போர்த்திய போலிச் சன்னல். ஆனால் பகிர்வுக் கோப்புறை வைத்திருக்கும் சர்வர் பதில் சொல்வதற்கு அதே விண்டோஸ் வழக்கமாக 60 விநாடி வரை பொறுத்திருக்கும். ஐந்துக்கும் அறுபதுக்கும் நடுவேதான் நம்மில் பலர் அவசரப்பட்டு ‘எண்ட் டாஸ்க்’கை அழுத்தி, சேமிக்காத வேலையை இழக்கிறோம். இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அதற்குள் பக்கத்து மேசைக் கணினியில் அதே கோப்புறை திறக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லையென்றால் உங்கள் நிரலைக் கொன்று எந்தப் பயனுமில்லை.

✦

சர்வருக்கு யூபிஎஸ் உண்டு, கணினிக்கும் உண்டு. இரண்டையும் இணைக்கும் சிறிய சுவிட்ச் பெட்டிக்கு? நான் போய்ப் பார்த்த ஆபீஸ்களில் அதிகம் கண்ட குறை இதுதான். கரண்ட் ஒரு விநாடி கண் சிமிட்டினால் போதும், சுவிட்ச் அணைந்து மறுபடி எழும். பெரிய வகையாக இருந்தால் எழுந்து நிற்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். விளக்கு எரிகிறது, திரை எரிகிறது, ஆனால் எல்லா மேசையிலும் நிரல் உறைந்து நிற்கிறது. கணினி மேல் பழி விழுகிறது. சுவிட்ச், ரவுட்டர் இரண்டையும் யூபிஎஸ்ஸில் சொருகிவிட்டால் பாதித் தொல்லை அன்றே தீரும். இன்னொன்றும் உண்டு: ஆபீசுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே திறந்த வெளியில் செம்புக் கேபிள் ஓடினால், பக்கத்தில் விழும் மின்னல் இரு முனைக் கருவிகளையும் பொசுக்கிவிடலாம். கண்ணாடி இழைக் கேபிளில் மின்சாரம் பாயாது. இடி மின்னலுக்குப் பேர்போன நம் நாட்டில் அந்தச் செலவு வீண் செலவல்ல.

✦

‘விடாமல் காத்திரு’ என்பது சில அமைப்புகளில் வேண்டுமென்றே வைத்த விதி. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறை அப்படிப்பட்டது. அதன் பழைய பதிப்புகளில், எந்தக் கணினி எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறது என்பதைச் சர்வர் நினைவில் வைப்பதில்லை. கேட்கும் கணினியே ஒவ்வொரு முறையும் முழு விவரத்தோடு கேட்கும். பதில் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்கும். சர்வர் படுத்து, ஒரு மணி நேரம் கழித்து எழுந்தாலும், உறைந்திருந்த நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்கு ‘ஹார்ட் மவுண்ட்’ என்று பெயர். காத்திருக்க முடியாது என்று சிலர் ‘சாஃப்ட் மவுண்ட்’டுக்கு மாற்றுகிறார்கள். அதில் கணினி சில முறை கேட்டுப் பார்த்துவிட்டு, ‘முடியவில்லை’ என்ற பிழையை நிரலிடம் கொடுத்துவிடும். அந்தப் பிழையைக் கவனிக்காத நிரல், பாதி எழுதிய கோப்பை முழுதாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு மேலே போகும். ஆள்களின் கூலி ஏறும் கோப்பில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

✦

லினக்ஸில் இப்படிக் காத்திருக்கும் நிரலின் நிலையை ‘டி’ என்ற எழுத்து காட்டும். முன்பெல்லாம் அந்த நிலையில் இருப்பதை எந்தக் கட்டளையாலும் கொல்ல முடியாது. கணினியையே அணைக்க வேண்டும். 2008இல் வந்த 2.6.25 கெர்னல் முதல், என்எஃப்எஸ்ஸுக்காகக் காத்திருப்பதைக் ‘கில் 9’ கட்டளையால் நிறுத்த வழி பிறந்தது.

✦

அதே லினக்ஸில் வேலைப்பளுவைக் காட்டும் ‘லோட் ஆவரேஜ்’ எண் சில நேரம் 20, 30 என்று ஏறியிருக்கும். பிராசசரோ சும்மா இருக்கும். பயப்பட வேண்டாம். ‘டி’ நிலையில் காத்திருக்கும் நிரல்களையும் லினக்ஸ் அந்த எண்ணில் சேர்த்துக்கொள்கிறது, 1993 முதல்.

✦

ஆபீசின் கோப்பு கோலாலம்பூர்ச் சர்வரில் இருக்கிறது, விபிஎன் வழியாக இங்கே திறக்கிறீர்கள். ஒரு கேள்வி போய்ப் பதில் வர 40 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பழைய கணக்கு நிரல் தன் கோப்பைத் திறக்க 2,000 கேள்வி கேட்டால் 80 விநாடி ஆகும். அதுவரை திரை உறைந்துதான் இருக்கும். வேகமான இணையத் திட்டத்துக்குக் கூடுதல் ரிங்கிட் கட்டினாலும், போய்வரும் நேரம் குறையாவிட்டால் இந்த 80 பெரிதாகக் குறையாது. கோப்பை இங்கே இறக்கி, வேலை முடித்து, திரும்ப ஏற்றுவதே மேல்.

✦

மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் எழுதிய கணக்கு நிரல்கள் சிறிய ஆபீஸ்களில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை வைஃபை வழியாகப் பகிர்ந்து பயன்படுத்தாதீர்கள். எழுதும்போது இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் முழுக் கோப்பும் பழுதாகலாம்.

✦

நேற்றே வீட்டுக்குப் போன கிராணி இன்றும் எக்செல் கோப்பைத் திறந்து வைத்திருப்பதாகக் கணினி சொல்கிறதா? நிரல் உறைந்து செத்தபோது விட்டுப்போன ‘~$’ என்று தொடங்கும் மறைகோப்பு அதே கோப்புறையில் கிடக்கும். உண்மையிலேயே யாரும் திறக்கவில்லை என்று கேட்டு உறுதிசெய்த பிறகு அதை நீக்கலாம். சர்வர் விண்டோஸாக இருந்தால், ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’டில் ‘ஷேர்ட் ஃபோல்டர்ஸ்’ கீழே, யார் எதைத் திறந்திருக்கிறார் என்ற பட்டியல் உண்டு.

✦

விண்டோஸின் பகிர்வு மொழியான எஸ்எம்பியை ஐபிஎம்மில் உருவாக்கியவர் பேரி ஃபைகன்பாம். அதைத் தன் யூனிக்ஸ் கணினிக்கும் பேசக் கற்றுக்கொடுத்தவர், கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்த பெயர்தான் ‘சாம்பா’. ஆபீஸ் மூலையில் விளக்கு மினுக்கும், கோப்புகளைச் சேமித்துப் பகிரும் என்ஏஎஸ் பெட்டிகள் பலவற்றுக்குள் இன்று ஓடுவது அதுவே.

✦

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கிறீர்களா? வையுங்கள், ஆனால் சுருக்கமாக. ‘தேயிலை’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறி. லினக்ஸ் பெட்டியில் குறிக்கு மூன்றாக 18 பைட். அங்கே ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம் என்பதால், 85 தமிழ்க் குறியோடு இடம் தீர்ந்துவிடும். விண்டோஸ் 255 குறி வரை ஏற்கும். உங்கள் கணினியில் நன்றாகத் திறந்த கோப்பு, என்ஏஎஸ்ஸுக்கு நகலெடுக்கும்போது மட்டும் அடம்பிடித்தால், முதலில் பெயரை நாலு சொல்லாகக் குறைத்துப் பாருங்கள்.